ஃபிலிமைப் பிடித்த விரல்

பல்லை எக்ஸ்ரே எடுப்பது பெரிய வித்தை இல்லை. தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஃபிலிம் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் வெள்ளையான உறைக்குள் இருக்கும். அதைப் பல்லுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக வைக்க வேண்டும். உறையின் வெள்ளைப் பக்கம் பல்லைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் படம் வெளிறிப் போகும். அது நகராமல் நோயாளியே தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெஷினின் குழாயைச் சரியான சாய்வில் கன்னத்தருகே நிறுத்திவிட்டு டாக்டர் வெளியே போய்விட வேண்டும். அப்புறம்தான் பட்டன்.

என் கணவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வார், நோயாளி பிடிப்பதையும் தான் வெளியே போவதையும் தவிர.

லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே எங்கள் கிளினிக். அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த பல் டாக்டர். நான் பாளையங்கோட்டையிலிருந்து வாக்கப்பட்டு வந்து, அவருக்கு உதவியாளராகவும் ஆனவள். நோயாளிகளுக்குக் குமட்டும், விரல் வழுக்கும், ஃபிலிம் வளையும். “மறுபடி எடுத்தா அவங்களுக்குத்தானே ரெண்டு தடவை கதிர் படும்?” என்று சொல்லித் தன் இடது ஆள்காட்டி விரலையே உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்வார். நான் கதவுக்கு வெளியே, சுருள் ஒயரின் முனையில் இருக்கும் பட்டனை அழுத்துவேன். தங்கமான டாக்டர் என்பார்கள் வருகிறவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரின் மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ரயில்வே தொழிலாளர்களின் பிள்ளைகள் கழுத்தில் கம்பெனி அட்டையோடு சனிக்கிழமைகளில் வந்தார்கள். புதுக் கிளினிக்குகளில் ஃபிலிமே கிடையாது, படம் கம்ப்யூட்டரில் தெரிகிறது என்று கதை சொன்னார்கள்.

“கம்ப்யூட்டர் வேண்டாம், ஃபிலிமைப் பிடிக்க பிளாஸ்டிக் கவ்வி விக்குதே, அதையாவது வாங்குங்க” என்றேன்.

“நக்கோம்மா, வேணாம். அதை வாயில வெச்சா இன்னும் குமட்டும்.”

அதோடு பேச்சு முடிந்தது. மனுஷனுக்கு அவ்வளவு பிடிவாதம்.

முதலில் அந்த விரலின் நகத்தில் நெடுகக் கோடுகள் விழுந்தன. பிறகு நுனி காய்ந்து வெடித்தது. ஃபிலிமைக் கழுவும் டெவலப்பர் மருந்துதான் காரணம் என்று நாங்கள் இருவருமே முடிவு கட்டினோம். குளியலறையை மறைத்துச் செய்த இருட்டறையில் தினமும் அந்த மருந்தில் கை நனைத்தவர் அவர்தானே. ரப்பர் கையுறை வாங்கிவந்தேன். இனி இருட்டறைப் பக்கமே வரக்கூடாது என்று சண்டை போட்டு, கழுவும் வேலையைப் பிடுங்கிக்கொண்டேன். பெரிய காரியம் சாதித்த நினைப்பு எனக்கு. மிச்சப்பட்ட நேரத்தில் அவர் இன்னும் நாலு பேருக்கு ஃபிலிம் பிடித்தார்.

வெடிப்பு புண்ணானது. பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி தட்டும். பிளாஸ்திரி ஒட்டி அதன் மேல் கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்தார். கடைசியில் நான்தான் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்.

“ஃபிலிமை யார் பிடிப்பாங்க?” என்று கேட்டார் அறுவை செய்ய வந்த சர்ஜன். மருந்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை அடியோடு எடுத்தார்கள். மிச்ச விரல்களையாவது அந்தக் கதிரில் காட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து நான் ஓவென்று அழுதேன். அவர் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கட்டு பிரித்துக் கிளினிக்கைத் திறந்தோம். கவ்வி வாங்கி மேசையிலேயே வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் ஒரு சின்னப் பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்தாள். கீழ்க் கடைவாய்ப் பல், கன்னம் வீங்கியிருந்தது. கவ்வியை வாயருகே கொண்டுபோனதும் குழந்தை வீறிட்டது. அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, பழக்கத்தில் ஃபிலிமோடு இடது கையை வாய்க்குள் கொண்டுபோனார். அழுத்திப் பிடிக்க அங்கே விரல் இல்லை. ஃபிலிம் நாக்கில் விழுந்தது. குழந்தை குமட்டித் துப்பியது.

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புது ஃபிலிம் எடுத்தார். வலது கையின் ஆள்காட்டி விரலால் அதை உள்ளே வைத்து அழுத்தினார்.

“அழுத்தும்மா” என்றார் என்னிடம்.

பட்டன் என் கையில் இருந்தது. நான் அழுத்தவில்லை.

“பச்சக் குழந்தை, எவ்வளவு நேரம் வாயைத் திறந்துட்டிருக்கும்? சீக்கிரம்.”

“விரலை எடுங்க. அழுத்துதேன்.”

“ஒரே ஒரு தடவைதானே?”

“நீங்க என்னைக்கு அப்படிச் சொல்லல?” என்று கத்தினேன். குழந்தையின் அம்மா மிரண்டு போனாள்.

அவர் விரலை எடுக்கவில்லை. வாய்க்குள் கையை வைத்தபடி என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். குழந்தையின் கடைவாயில் எச்சில் வழிந்தது. அது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கடித்தது.

“அம்மா!” என்று அலறி அவர் கையை வெளியே இழுத்துக்கொண்டார். பல் பதிந்த இடத்தில் ரத்தம் முட்டிக்கொண்டு வந்தது. விரல் போனபோது அழாதவர், பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அந்தக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.