இடப்பக்கத்து ஜால்ரா

சத்தம் மங்கிய அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்க உட்கார்ந்தது அப்பா, அம்மா, தங்கை, நான். வருகிறேன் என்று சொன்ன மெக்கானிக் வரவில்லை. சேலத்திலிருந்து கிளம்பி அடிவாரம் வரை வந்தவர், மலைமேல் மேகம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆம்பிளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் பழையதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவருடைய காதும் அன்று கூட இருந்திருந்தால் கோளாறு எதில் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நான் சேலத்தில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஏற்காட்டு மலையில் இருக்கும் எங்கள் ஊர் வாழவந்திக்கு வருவேன். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறக் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். மலைக்காரர்கள் யாரும் அதை ஒரு விஷயமாக நினைப்பதில்லை. அந்தச் சனிக்கிழமை இடது காது மட்டும் விடவில்லை. தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுத்துவிட்டேன்.

சோதனைக்கென்று நான் வைத்திருக்கும் பாட்டு ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தில் இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஜால்ரா ஒலிக்கும். காலையில் அதைப் போட்டபோது ஜால்ரா கம்பளிக்குள் சுற்றி வைத்ததுபோல் இருந்தது. கூடவே இடப்பக்கம் மெல்லிய ஒரு 'ஸ்ஸ்'.

ஏழு மாதம் பணம் சேர்த்து வாங்கிய பெட்டி. "இருவது வருஷம் உழைக்கும்பா" என்று அப்பாவிடம் உறுதி சொன்னவன் நான். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"பதறாதீங்க தம்பி. ஒயர எடமும் வலமும் மாத்திப் போட்டுப் பாருங்க. கோளாறு ஒயரோட வலப்பக்கம் போச்சுன்னா ஒயரு. எடத்துலயே நின்னுச்சுன்னா அதுக்கு அடுத்த ஜாமானு. அப்படியே ஒண்ணொண்ணா போங்க, மாட்டிக்கும்."

சத்தம் நன்றாக இருப்பதும் கெடுவதும் ஒயரால்தான் என்ற நம்பிக்கை எனக்கு ஏற்கெனவே உண்டு. மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஈரத்துக்கு ஜாக் முனையில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். ஒருமுறை அதை ஸ்பிரிட்டால் துடைத்ததும் கரகரப்பு நின்றது. நூல்போன்ற ஸ்பீக்கர் ஒயரை எடுத்துவிட்டுத் தடித்த செம்பு ஒயர் போட்டபோது தபேலாவின் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. அது என் கற்பனை என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆகவே முனைகளைத் துடைத்தேன், ஒயரை மாற்றிப் போட்டேன், மூவரையும் உட்கார வைத்துக் கேட்டேன்.

"ரெண்டு தடவையும் சில்லுசில்லுன்னு நல்லாத்தான் கேக்குது கண்ணு" என்றார் அம்மா.

"எஸ்டேட்டுல மருந்தடிக்கிற மிசினுக்குப் பக்கத்துலயே தேஞ்ச காது இது. எனக்கே கேக்குதுடா" என்றார் அப்பா.

"அண்ணனுக்குப் படிச்ச காதுப்பா. நம்மளுது சும்மா காதோலைய மாட்டறதுக்கு" என்றாள் தங்கை.

பாவம், இவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

கோளாறு இடப்பக்கமே நின்றும் ஒயர்மேல் இருந்த சந்தேகம் போகாமல், நல்ல ஜாக் ஒயர் ஒன்றும் புது ஸ்பீக்கர் ஒயரும் போனிலேயே ஆர்டர் போட்டேன். வாரம் முழுக்கச் சேலத்தில் வேலை. அங்கே என் ஹெட்செட் வலது காதுக்கு மட்டும்தான். அறையில் ஃபேன் சத்தம். இடது காதைப் பற்றி நினைக்க எதுவும் இல்லை. ஆம்பிளிஃபயரைப் பற்றிய பயம் மட்டும் சோற்றில் கை வைத்தால்கூட வந்தது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு ஒயரையும் மாட்டினேன். ஜால்ரா அப்படியே மங்கல். ஞாயிறு மதியம் ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இடப்பக்கம்தான். பாக்கி இருந்தது ஆம்பிளிஃபயர் மட்டும். அதன் முன்னால் குனிந்து 'ஸ்ஸ்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மழையில் கரண்ட் போனது.

பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. சத்தம் அணையவில்லை.

சுவிட்சை நிறுத்தினேன். பிளக்கைப் பிடுங்கினேன். 'ஸ்ஸ்' இருந்தது.

"உனக்கு ஏதாச்சும் இரையுதா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"கரண்டே இல்ல, எது இரையும்?"

வலது காதருகே இரண்டு விரலைத் தேய்த்தேன், சரசரத்தது. இடது காதருகே தேய்த்தேன். விரல்கள் உரசுவது தோலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. அதை மறுபடி மறுபடி செய்தேன்.

கரண்ட் வந்ததும் தங்கைதான் சொன்னாள். "எல்லாத்தையும் மாத்தியாச்சில்ல. நீயே திரும்பி உக்காந்து கேளு போ." கிண்டலாகத்தான் சொன்னாள். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அதே ஸ்பீக்கர் இப்போது என் வலப்பக்கம். ஜால்ரா சில்லென்று, கண்ணாடி மாதிரி, முழுசாகக் கேட்டது. இதற்கு முன் எனக்கு அவ்வளவு பிடித்திருந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு உடம்பு வேர்த்தது.

"என்ன சாமி, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றார் அம்மா. காது போய்விட்டது என்று சொல்லாமல், "சேலத்துக்குப் போவணும்மா" என்றேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அப்பாவும் உடன் வந்தார். ஏற்காடு தாண்டி வளைவுகளில் இறங்கும்போது, வழக்கம்போல வலது காது அடைத்தது. இப்போது எனக்கு இரண்டும் இல்லை. கண்டக்டர் வாயசைத்தார். அப்பாவின் வாயும் அசைந்தது. எஞ்சின் எங்கோ கிணற்றடியில் ஓடியது. இனிமேல் இப்படித்தானா, நாளைக்கு ஹெட்செட்டை எந்தக் காதில் மாட்டுவேன், யார் எனக்கு வேலை கொடுப்பார்கள் என்று அடுத்தடுத்து வந்தது. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வளைவு கழித்து வலது காது பட்டென்று விட்டது. முதலில் கேட்டது அப்பாவின் குரல்: "எச்சில முழுங்குடா, முழுங்குடா."

காது டாக்டர் அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். "எத்தனை நாளாச்சு?"

"ஒன்பது நாளுங்க."

"நரம்புல திடீர்னு வர்ற கோளாறு தம்பி. அன்னிக்கே வந்திருக்கணும். இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

அப்பா சொன்னார். "ஒயரு மாத்திட்டு இருந்தானுங்க. நொம்ப வெவரமான பையனுங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். செவிப்பறை வழியாக மூன்று ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பேச்சுச் சத்தம் மெல்லத் திரும்பி வந்தது. இரைச்சலும் குறைந்தது. ஜால்ரா மாதிரி உச்ச ஸ்தாயியில் கேட்கும் சத்தங்கள் மட்டும் இடது காதுக்கு வரவில்லை. இனி வரும் என்று டாக்டரும் சொல்லவில்லை. வீட்டில் அந்தப் பாட்டைப் போடும்போது, "இப்ப அடிக்குது பாரு" என்று தங்கை விரலைத் தூக்கிக் காட்டுகிறாள். இப்போதும் பஸ்ஸில் வலது காது அடைத்தால் கண்டக்டர் குரல் கேட்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

அப்பா மிளகு விற்று வைத்திருந்த பணத்திலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார். சோதனை, மாத்திரை, ஊசி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐநூறு. நான் வாங்கிய இரண்டு ஒயர் நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. பஸ் காசைச் சேர்க்காமல் அந்த ஒரு காதுக்கு ஆன மொத்தச் செலவு பதின்மூன்றாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.