பிடுங்க வராத பிளக்

கேரவன் என்றதும் உங்களுக்கு ஏசியில் உட்கார்ந்திருக்கும் நடிகை ஞாபகம் வருவார். அதற்குக் கரண்ட் கொடுத்துப் பிழைத்த எனக்கு அதன் பின்னால் சேற்றில் கிடக்கும் ஒயர்தான் ஞாபகம் வரும். வீட்டில் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கப் போய் போர்டையே பெயர்த்துக்கொண்டு வந்தவரா நீங்கள்? அப்படியானால் நம்ம கட்சி. மேலே படியுங்கள்.

சுவரை உதைத்து ஒரு இழுப்பு

இரண்டாயிரங்களின் பின்பாதி. மேடவாக்கத்தில் ஒரு முதலாளி பழைய பஸ்களை வாங்கி, உள்ளே கட்டிலும் கண்ணாடியும் போட்டு ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் எலெக்ட்ரீஷியன். டிரைவர் காதர் பாய், தாம்பரத்துக்காரர். ஒயரின் ஒரு முனை ஷூட்டிங் பங்களா சுவரில், மறு முனை வண்டியில். பிளக் ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு இருக்கும். மணலும் துருவும் ஏறிப்போனதால் கழற்றும்போது சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். அதைச் செய்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பாய்க்கு வலது மணிக்கட்டு எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. ஸ்டியரிங் பிடிப்பார், பிளக் பிடுங்க முடியாது. நான் லீவு போட்ட ஒருநாள் அவர் தனியாக மல்லுக்கட்டி, வண்டி கிளம்ப லேட்டாகி, நடிகை கோபித்துக்கொண்டு வாடகைக் காரில் போய்விட்டார். பாயின் பெரிய மகளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்த நேரம் அது. மறுநாள் முதலாளி எல்லோர் எதிரிலும் சொன்னார்: "ஒயரைப் புடுங்கத் தெம்பில்லேன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுங்க பாய்."

தீக்குச்சி வைத்தியம்

பள்ளிக்கரணையில் ஒரு பங்களா. அங்கே போனால் சுவர் சாக்கெட்டில் பிளக்கே இல்லை. யாரோ ஒயர்களின் தோலைச் சீவி, ஓட்டைகளில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகியிருந்தார்கள். அதில்தான் மேக்கப் ரூம், டீ பாய்லர் எல்லாம் ஓடுகிறது. எனக்கு வந்ததே கோபம். மெயினை அணைத்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். நல்ல மனுஷர், நாலு பேருக்கு உதவி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிளக் போட்டுத் தொலைக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "இத்தினி நாளா இப்டித்தான் ஓடிகினு கீது சார். யாராச்சும் செத்தாங்களா இன்னா?"

கைப்பிடி

பாயின் வேலை போகாமல் இருக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான். குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து, பிளக்கின் உச்சியில் ஒரு நெம்புகோல் பொருத்தினேன். அழுத்தினால் அதுவே சுவரைத் தள்ளிக்கொண்டு பிளக்கை வெளியே கொண்டுவந்துவிடும். பின்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சொருகுவதும் லேசாகிவிட்டது.

பாய் இடது கையால் சொருகினார், எடுத்தார், மறுபடி சொருகினார். பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஒரு வாரத்துக்குள் காஸ்ட்யூம்காரர் எங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் அயர்ன் பாக்ஸுக்கு லைன் எடுத்தார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வில்லன் நடிகர் வேர்த்து எழுந்து வந்து என்னைத்தான் திட்டினார். காஸ்ட்யூம்காரர் கூலாகச் சொன்னார்: "லேசா வந்துச்சு சார், அதான் எடுத்தேன்."

இரண்டு முனையிலும் பின்

முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. அவசரத்தில் ஆட்கள் ஒயரைத் தலைகீழாக விரித்துவிடுவார்கள். சுவர் முனை வண்டியிடம் கிடக்கும், வண்டி முனை சுவரிடம். மறுபடி சுருட்டி விரிக்க வேண்டும், பேஜார். அதனால் அவர் வேறு ஆளை வைத்து, அதுவரை வெறும் ஓட்டைகளே இருந்த வண்டி முனையிலும் சேர்த்து, ஒயரின் இரண்டு முனையிலும் பின்னும் என் கைப்பிடியும் உள்ள பிளக்கையே மாட்டி, வண்டியிலும் சாக்கெட் வைத்துவிட்டார். எந்த முனையையும் எங்கேயும் சொருகலாம்.

நான் குதித்தேன். சுவரில் முதலில் சொருகிவிட்டால் மறு முனையின் பின்னில் கரண்ட் திறந்து நிற்குமே, தொட்டவன் கதி என்ன என்றேன். வண்டியில் முதலில் சொருகுங்கள், அவ்வளவுதானே என்றார் அவர். ஒயரை வெட்டிப்போடுகிறேன் என்று நான் கட்டரை எடுத்தபோது, கையைப் பிடித்தது பாய். "விடு தம்பி. இப்பதான் அவர் என்னைப் பத்திப் பேசாம இருக்காரு."

மறுபடி பள்ளிக்கரணை

அதே பங்களா. முந்தின நாள் மழையில் தரையெல்லாம் தண்ணீர். நான் வண்டிக் கூரையில் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் ஒயரை விரித்துவிட்டு, ஒரு முனையைப் பின்னோடு சேர்த்து இடது கையில் பிடித்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். பாவம், கை முடியாதவர் என்று, சுவர்ப் பக்கம் கிடந்த முனையை வாட்ச்மேனே எடுத்துச் சொருகிவிட்டார். ஒரு கையால் சொருகக்கூடிய பிளக் ஆயிற்றே.

பாய் சத்தமே போடவில்லை. கை பின்னை விடவில்லை. குதித்து இறங்கி, நீண்டு கிடந்த ஒயர் பக்கமாகவே ஓடிப்போய்ச் சுவரில் இருந்த கைப்பிடியை அழுத்தினேன். ஒரே அழுத்தில் வந்துவிட்டது. அது என்றைக்குமே அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் வெளியே வருவதற்குள் புரொடக்‌ஷன் மேனேஜரிடமிருந்து போன்: "வேற வண்டி எப்ப வரும்? மேடம் வெயில்ல நிக்கிறாங்க."

தாம்பரம்

பாய் வீட்டுக்குப் போனேன். அவர் என்னிடம் சொன்னதைவிட வீட்டில்தான் அந்தக் கைப்பிடியைப் பற்றி அதிகம் பெருமையடித்திருக்கிறார். அவர் மனைவி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வாட்ச்மேனையோ முதலாளியையோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோலக் கேட்டார்: "சீக்கிரம் கழட்டத்தானே தம்பி அதைச் செஞ்சீங்க?"

இப்போதெல்லாம் யாராவது பிளக் இறுகிப்போச்சு, பிடுங்கவே வரவில்லை என்று அலுத்துக்கொண்டால், அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.