தனியாத்தானே இருக்கீங்க?

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது எங்கள் வீட்டில், பட்டப்பகலில், என் அண்ணிக்கு நடந்தது. அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அடுத்தவன் பொய்யும் பிடிபட்டிருக்கும், இந்த வம்பில் மாட்டியிருக்கவே மாட்டாள்.

அண்ணி கூரியர் ஆபீஸில் பார்சல் வாங்கும் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறாள். அனுப்ப வருகிறவரின் அடையாள அட்டை எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டால்தான் ரசீது வரும். அட்டையை மறந்துவிட்டு வந்தவர்கள் கெஞ்சுவார்கள், பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். அண்ணி இரக்கப்பட்டுத் தன் சொந்த எண்ணையே போட்டு அனுப்பிவிடுவாள். அங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான்.

அன்று அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தான். மறுநாள் காலையில் ஆபரேஷன். நகையையும் வண்டியையும் விற்றுச் சேர்த்த பணம் முழுவதும் அண்ணியின் கணக்கில் கிடந்தது. நான் அண்ணனுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன அண்ணிக்கு ஒரு வீடியோ கால் வந்தது.

போலீஸ் உடுப்பில் ஒருவன். அண்ணியின் பெயரில் போன பார்சலில் போதைமருந்து இருந்ததாம். அட்டை எண்ணை ஓர் இலக்கம் பிசகாமல் படித்தான். வேறு யாராவது என்றால் போடா என்று போனை வைத்திருப்பார்கள். அண்ணி வைக்கவில்லை. எத்தனை பேருடைய பார்சலுக்குத் தன் எண்ணைப் போட்டிருக்கிறாள்! அதில் ஒன்று இதுவாக ஏன் இருக்கக் கூடாது?

கதவைத் தாழ் போடச் சொன்னான். ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னான். போனை மேஜைமேல் நிறுத்தி, அதன் முன்னால் அசையாமல் உட்காரச் சொன்னான். அழைப்பைத் துண்டித்தால் வாசலில் ஜீப் வந்து நிற்குமாம். வீட்டு ஆட்களிடம் மூச்சுவிட்டால் அவர்களும் உள்ளே போவார்களாம்.

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், நான்தான் போய்ப் பணம் கட்டணும் என்று அழுதாள். அவன் குரல் குழைந்தது. பணத்தை அரசாங்கக் கணக்குக்கு மாற்றினால் போதும், சோதித்துவிட்டுச் சாயங்காலமே திருப்பிவிடுவோம் என்றான். எந்தப் போலீஸ்காரன் போனில் கைது செய்கிறான், எவன் பணத்தை அனுப்பச் சொல்லிச் சோதிக்கிறான் என்று இப்போது நாம் கேட்போம். பயந்துபோயிருந்தவளுக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

பேங்க் ஆப்பைத் திறந்தாள். அவன் முகம் திரையின் மூலைக்குச் சுருங்கியது. கணக்கு எண்ணை அவன் சொல்லச் சொல்ல இவள் போட்டாள்.

பாதியில் நிறுத்தினான்.

"தனியாத்தானே இருக்கீங்க?"

"ஆமா சார்."

"பின்னாடி யாரு?"

அண்ணி திரும்பினாள். அலமாரி. சுவர். மடித்து வைத்த துணி. வேறு ஒன்றும் இல்லை.

யாரும் இல்லை என்றாள். அவன் திரையை உற்றுப் பார்த்தான். பிறகு மீதி எண்ணைச் சொன்னான். பழைய மிடுக்கு இல்லை. அண்ணிக்கு முதுகு சில்லென்றது. மின்விசிறி ஓடவில்லை... ஜன்னலும் சாத்தியிருந்தது.

தொகையைப் போட்டாள்.

க்ஹும்...

இருமல். வறட்டு இருமல். காதுக்குப் பக்கத்தில்.

"அந்தம்மாவை வெளியே போகச் சொல்லுங்க."

"எந்தம்மா சார்?"

"கண்ணாடி போட்டவங்க. உங்க தோள்ல கை வச்சிருக்காங்களே."

அண்ணி தோளைப் பார்த்தாள். கை இல்லை.

ஆனால் துணி அழுந்தியிருந்தது...

கடைசியாக ரகசிய எண். விரலை நீட்டினாள்.

நகரவில்லை.

மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள்.

போனில் மூச்சிரைப்பு.

"கிட்ட வராதே..."

அண்ணியிடம் சொல்லவில்லை.

திரை அணைந்தது.

கைதியை விட்டுவிட்டு ஓடிய போலீஸ்காரன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அண்ணி செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்து எனக்குப் போன் செய்தாள். முதல் வேலையாகப் பேங்குக்குச் சொல்லி ரகசிய எண்களை மாற்றினோம், அப்புறம் சைபர் போலீஸில் புகார் கொடுத்தோம். பணம் பத்திரமாக இருந்தது. அண்ணனுக்கு ஆபரேஷனும் நடந்தது.

வந்து நின்றது எங்கள் அம்மாதான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். போன வருஷம் போய்ச் சேர்ந்தவள். அவளும் கண்ணாடி போட்டவள், அவளுக்கும் ஓயாத இருமல். உயிரோடு இருந்தவரைக்கும் மருமகளைக் கரித்துக்கொட்டினாளே, செத்தபிறகாவது புத்தி வந்ததே என்று நான் கிண்டல்கூடச் செய்தேன். அண்ணி அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று மனசுவிட்டு அழுதாள்.

அண்ணன் நடமாடத் தொடங்கிய பிறகு, புகார் வாங்கிய பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஆள் பிடிபட்டுவிட்டானாம். படத்தைக் காட்டினார், அவனேதான். அண்ணி அன்று நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதிகாரி சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. போனில் இன்னொரு படத்தைக் காட்டினார்.

கண்ணாடி போட்ட ஒரு பெண். எங்கள் அம்மா இல்லை. நாங்கள் பார்த்தே இராத முகம்.

தனியாக வசித்த நர்ஸம்மாவாம். அவன் விரித்த வலையில் முதலில் விழுந்தவர். இரவும் பகலும் கேமரா முன்னால் உட்காரவைத்துச் சேமிப்பு முழுவதையும் உருவியிருக்கிறான். நாற்காலியிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். இருமி இருமித் தண்ணீர் கேட்டிருக்கிறார், எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டானாம். அதற்குப் பிறகு அவன் மிரட்டிய ஒவ்வொருவரிடமும், பின்னாடி யார் என்று கேட்டிருக்கிறான்.

"இப்ப என்ன சொல்றான்?" என்று அண்ணி கேட்டாள்.

அதிகாரி போனைப் பைக்குள் வைத்தார். விசாரணை அறையில் அவனும் இவரும் மட்டும்தான் இருந்தார்களாம்.

"என் தோளையே பாத்துக்கிட்டிருந்தான். இந்தம்மாவை வெளியே போகச் சொல்லுங்கன்னு கெஞ்சினான்..." என்றார். "நான் திரும்பிப் பாக்கலை."