ஈக்களோடு புடவைக் கடைக்குப் போனேன்

போன வாரம் எங்கள் பிடோக் அடுக்குமாடி பிளாக்கில் கொசுப் புகை அடித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, "ஸ்டெல்லா, உள்ள வா! மூச்சு முட்டும்!" என்று கத்தினார். நானோ வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே அவர் முடிவு கட்டியிருப்பார்.

சிரிக்காமல் என்ன செய்வது? இந்தப் புகைக்கும் எனக்கும் பழைய பகை!

சில வருடங்களுக்கு முன்னால் நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. எதில் ஆராய்ச்சி? பழ ஈயில். வாழைப்பழம் கனிந்துபோனால் வந்து மொய்க்குமே, அந்தப் பொடி ஈயேதான். "இவ்வளவு படிச்சிட்டு ஈ ஓட்டப் போறியாடி?" என்று அம்மா மாதா கோயில் வாசலில் நாலு பேர் காதுபடக் கேட்பார். கேட்கட்டுமே! எனக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை.

அந்த ஈயின் முட்டைக்குள் நடப்பதைப் பார்த்தால் நீங்களும் கூச்சப்பட மாட்டீர்கள். தனித்தனியாகக் கிடக்கும் குட்டிக் குட்டி செல்கள் ஒன்றையொன்று தேடி வரும். ஒட்டும். நடுவில் இருக்கிற சுவர் உடையும். அப்புறம் எல்லாம் கலந்து ஒரே தசை! ஏதோ ஒரு செல் முதலில் ஆரம்பிக்கிறது, மற்றவை அதோடு வந்து சேர்கின்றன என்று நாங்கள் சந்தேகப்பட்டோம். கலந்த பிறகு ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. அப்படித் தசை உருவானால்தான் புழு நெளியும். நெளிந்தால்தான் முட்டையை விட்டு வெளியே வரும்.

என்னிடம் ஒரு ஈ வம்சம் இருந்தது. அதன் முட்டைகள் சிலவற்றில் செல்கள் பக்கத்தில் வரும், தொடும்... அதோடு சரி. சுவர் உடையாது. கும்பலாக நிற்கும், கலக்காது. புழு உள்ளேயே செத்துப்போகும். ஏன் கலக்கவில்லை என்று கண்டுபிடித்தால் எனக்குப் பட்டம். அந்த வம்சம் வேறு எங்கும் கிடையாது. நானே தேடிப் பிடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நோட்டீஸ் ஒட்டினார்கள். பக்கத்து ஹாஸ்டலில் டெங்கிக் காய்ச்சல். அன்று சாயங்காலம் எங்கள் கட்டடம் முழுக்கப் புகை. லேப் உள்பட!

கட்டட நிர்வாகியிடம் ஓடினேன். "சார், என் ஈயெல்லாம் செத்துடும்!"

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ஈதானே? மார்க்கெட்ல வாழைப்பழம் வாங்கி வைங்க, வேற வரும் லா."

வேற வருமாம்! எனக்கு வந்த கோபத்தில் அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன்.

லேபில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். "பாவம் லா நீ," என்றாள் மேய் லிங். "ரூல்ஸ் அப்படி, என்ன செய்யறது?" என்றான் ராஜன். தோளைத் தட்டினார்கள். ஒரு பாட்டிலைத் தூக்க ஒரு கை வரவில்லை. பக்கத்தில் நிற்பது வேறு, கூட வருவது வேறு. இதை நான் மைக்ராஸ்கோப்பில் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்!

வீட்டுக்குக் கொண்டு போகலாமா? வீட்டில் ஃபேன் மட்டும்தான். நம்ம ஊர் சூட்டில் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். குளிர்ந்த இடம் வேண்டும். யோசித்தேன்... சிராங்கூன் ரோட்டில் 'முழுவதும் ஏர்கான்' என்று போர்டு போட்ட ஒரே ஒரு இடம் எனக்குப் பழக்கம். அம்மா வாடிக்கையாகப் போகும் காதர் பாயின் புடவைக் கடை.

பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஈக்குப் போடும் தீனி புளித்த தோசை மாவு போல நாறும். பக்கத்து சீட்டு ஆள் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

நாகூர்க்காரரான காதர் பாய் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே நெளிகிற புழுக்களைப் பார்த்தார். "இதுல நூல் வருமாம்மா?"

"வராது பாய். தசை வரும்."

"கடிக்குமா?"

"கடிக்காது. பாட்டிலை விட்டு வெளியவும் வராது. இது செத்தா என் படிப்பே போச்சு பாய்."

அவர் பட்டுப் புடவை அலமாரியில் கீழ்த் தட்டைக் காலி செய்தார். "வை. கடையில ஈ இருக்குன்னு மட்டும் வெளிய சொல்லிடாதே... வியாபாரமே இல்லன்னு நினைச்சிடுவாங்க!"

கடை மூடிய பிறகும் ஏர்கானை அவர் நிறுத்தவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை ஈக்களோடு லேபுக்குத் திரும்பினேன். ஜாம் ஜாமென்று பறந்துகொண்டிருந்தன. நிர்வாகி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டு வெளிய கொண்டு போனீங்க?"

"யாரைக் கேட்டு என் ஈயைக் கொல்லப் பாத்தீங்க?"

ராஜன் இருமுவது போல நடித்தான். மேய் லிங் வாயைப் பொத்திக்கொண்டாள். நிர்வாகி முகம் சிவக்க, "அடுத்த தடவை உங்க மேல ஆக்‌ஷன் எடுப்பேன்," என்றார்.

அடுத்த தடவையும் வந்தது. அதே நோட்டீஸ், அதே புகை. நான் யாரையும் கேட்கவில்லை. பேசாமல் பெட்டியைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால், மேய் லிங் கையில் ஒரு பெட்டி. ராஜன் தன் அண்ணனின் வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

சிராங்கூன் ரோட்டில் காதர் பாய் கடைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, இந்தத் தடவை பட்டாளமே வருது? ஆக்‌ஷன் எடுப்பேன்னாருன்னு சொன்னியே, அந்த ஆளு... யார் மேல எடுப்பாரு?"

பெட்டியை உள்ளே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"முதல்ல எங்களைப் பிரிச்சு எடுக்கட்டும் பாய், பார்க்கலாம்!"