தாளம் போடாமல் கண்ணயர்வது

முதல் முறை அது வந்தது ஒரு மத்தியானம், மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது. விழிப்பு வந்துவிட்டது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. வாசலில் மாணவி அழைப்பு மணி அடிப்பது கேட்கிறது. எழுந்திருக்க நினைக்கிறேன், சுண்டுவிரல்கூட அசையவில்லை. மார்பின்மேல் கனத்த ஆசாமி ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதுபோல் அழுத்தம். முப்பது வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் எனக்குக் கத்தக் குரல் வரவில்லை.

இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பக்கவாதம் என்று நான் முடிவுசெய்தேன். வாயுத் தொல்லை என்று என் கணவர் முடிவுசெய்தார்.

வாரம் இரண்டு மூன்று முறை வரத் தொடங்கியதும், மந்தைவெளியிலிருந்து கிளம்பி ஒவ்வொரு மருத்துவராகப் பார்த்தோம். இதயம் நன்றாக இருந்தது. மூளையும் இருந்தது, அதை மட்டும் இன்னொரு முறை படம் எடுத்துப் பார்த்துவிடலாமே என்றார் கணவர்.

நான் தூங்கப் பயந்து உட்கார்ந்தே கிடந்தேன். தூக்கம் கெட்டுக் குரல் கரகரத்தது. வகுப்பை நிறுத்தினேன். இனி பாடவே முடியாதோ என்று சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். உங்களில் யாருக்காவது இதே பயம் இருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடையாறில் ஒரு தூக்க மருத்துவர், என் மாணவிகள் வயதுப் பெண், அதற்குப் பெயர் சொன்னார்: உறக்க முடக்கம் (உடல் தூங்கும்போதே மனம் மட்டும் விழித்துக்கொள்வது). நேரத்தோடு தூங்கச் சொன்னார். ஒரு மாதத்தில் முடக்கம் பாதியாகக் குறைந்தது. பயம் குறையவில்லை.

"அதோட சண்டை போடாதீங்கம்மா. அது கனவோட வாசப்படி. முழிச்சுக்கிட்டே உள்ள போய்ப் பாருங்க" என்றார் அடுத்த முறை. உணர்வுக் கனவு (கனவு என்று தெரிந்தே காண்பது) என்று ஒன்று உண்டாம். மத்தியானத் தூக்கத்தில் மட்டும் மல்லாந்து படுத்து, உடலை அசைக்காமல், மூச்சை எண்ணியபடி நினைவை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

மூன்று வாரம் எண்ணினேன். கனவும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த கணவர்தான் ஒருநாள் செய்தித்தாளை மடித்துவிட்டுச் சொன்னார்: "வசு, மூச்சை எண்ணச் சொன்னா நீ தொடையில ஆதி தாளம் போட்டுண்டிருக்கே. உடம்பு எப்படித் தூங்கும்?"

எனக்கே தெரியாது. எட்டு எட்டாக எண்ணினால் என் கை சும்மா இருக்காது. மறுநாள் ஒன்பது ஒன்பதாக எண்ணினேன். ஒன்பதுக்கும் தாளம் உண்டு. கை அதையும் கண்டுபிடித்துவிட்டது. கடைசியில் இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, எண்ணாமல் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உடம்பு கனத்தது. ஆசாமி வந்து மார்பில் உட்கார்ந்தார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். காதில் ஒரு ரீங்காரம். பிறகு, நடுவில் ஒரு துளி நினைவும் தப்பாமல், கோயில் மாடவீதிக்கு மேலே மிதந்துகொண்டிருந்தேன். இது கனவு என்று தெரியும். இமயமலைக்கே போயிருக்கலாம். நான் செய்த முதல் காரியம், புடவைக் கொசுவத்தைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டதுதான். கீழே தெரிந்தவர்கள் இருப்பார்களே. அப்புறம் பாடினேன். குரல் கரகரப்பே இல்லாமல் மேல் பஞ்சமம்வரை போய் நின்றது. சந்தோஷத்தில் அழுதுகொண்டே பாடினேன்.

கனவு கலைந்து கண் திறந்தபோது உடல் இன்னும் என்னிடம் திரும்பி வந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் பாடிய நினைவு. சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம்தான் போயிருந்தது. பயம் வரவில்லை. முதலில் நாக்கு வந்தது, பிறகு விரல்கள், கடைசியில் கால்கள்.

அதன்பிறகு இரவில் பயமில்லாமல் தூங்கினேன். குரல் தெளிந்தது, வகுப்பை மறுபடி தொடங்கினேன். முடக்கம் இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறது. ஐம்பத்து மூன்று வருடமாக இந்த உடம்பு நான் கூப்பிட்டவுடன் ஓடிவந்திருக்கிறது. இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததற்கு, ஆறு மாதம் அதை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்தடித்தேன். இப்போதெல்லாம் மெதுவாக வரட்டும் என்று படுத்திருக்கிறேன். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.