வெர்லீன் கழுவிய ஐந்து படிகள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆர்லன் தெருவின் மூன்றாம் வீட்டு வாசலில் ஐந்து பளிங்குப் படிகள். வெர்லீன் காஸ்கின்ஸ் கல்யாணமாகி வந்த 1971-லிருந்து சனிக்கிழமை தவறாமல் அவற்றை முட்டி போட்டுத் தேய்த்தவள். நுரைக்கல், சோப்புத்தூள், ஒரு வாளித் தண்ணீர். பள்ளிக்கூடச் சமையலறையில் வாரம் முழுக்க நின்ற கால்களுக்கு அன்றைக்கும் ஓய்வில்லை. படி அழுக்காகக் கிடந்தால் அந்தத் தெருப் பெண்கள் பேசியே கொன்றுவிடுவார்கள். கறுப்பர் தெரு என்று எந்த வங்கியும் கடன் தராத காலம் அது. கூரை ஒழுகும், ஆனால் படி பளபளக்கும்.

தொண்ணூற்றெட்டில் நகராட்சி அந்த வரிசையையே இடிக்கக் கிளம்பியது. பாரம்பரியத் தெரு என்று அறிவிக்க வைத்துவிட்டால் ஒரு இயந்திரமும் உள்ளே வராது என்று யாரோ சொன்னதை வெர்லீன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். மனுவோடு ஒரு புகைப்படமும் போயிற்று. தலையில் துணி கட்டி, முட்டி போட்டுப் படி தேய்க்கும் வெர்லீன். ஜெயித்தாள். தெருவே கூடி நண்டு வேகவைத்துத் தின்றது.

இயந்திரம் வரவில்லை, உண்மைதான். ஆட்கள் வந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள், குறை சொல்ல முடியாது, சிரித்த முகத்தோடு நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். வீட்டு வரி எகிறியது. கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். போன வசந்தத்தில் எதிர்வீட்டு டாலிவர் சகோதரர்களும் போய்விட, வெர்லீனுக்குக் கையொடிந்த மாதிரி ஆயிற்று. அவள் புருஷன் அல்ஃபான்ஸோவை வாரம் மூன்று நாள் சக்கர நாற்காலியோடு தூக்கிப் படி இறக்கியவர்கள் அவர்கள்தான். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்சித்தான் தூக்கவைத்தாள்.

முப்பது வருஷம் இரும்பாலையில் உழைத்த அந்த ஆளுக்குச் சர்க்கரை வியாதி முதலில் கண்ணைப் பறித்தது, பிறகு ஒரு காலை, கடைசியில் சிறுநீரகத்தை. டயாலிசிஸுக்குப் போகாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். கூட்டிப்போக வரும் ஆஸ்பத்திரி வேன் ஓட்டுநருக்கு ஆளைத் தூக்கிப் படி இறக்க அனுமதி இல்லை. பின்வாசலிலும் படிகள், அதற்கப்பால் வேன் நுழையாத சந்து.

படிகளின் மேல் ஒரு சரிவுப் பலகை. வெர்லீன் கேட்டது அவ்வளவுதான். தேவாலயத்து ஆட்கள் சும்மாவே செய்து தருவதாகச் சொன்னார்கள். ஆனால் தெருப் பக்கம் எதை மாற்றவும் பாரம்பரியக் குழு சம்மதிக்க வேண்டும். அவள் ஓடி ஓடித் தெருவுக்குக் கொண்டுவந்த அதே குழு! இரண்டு முறை ஒத்திப்போட்டார்கள். மூன்றாம் முறை, ஏழு பேர் உட்கார்ந்த மேடைக்கு முன்னால், ஓர் இளம் பெண் அதிகாரி சுவரில் அந்தப் பழைய படத்தைக் காட்டினாள்.

"மிசஸ் காஸ்கின்ஸ், இந்தத் தெருவோட உயிரே இந்தப் படிங்கதான். நீங்க குடுத்த போட்டோவையே பாருங்க, எவ்வளவு அழகா இருக்கீங்க!"

"அழகாத்தான் இருந்தேன், கண்ணு. அப்ப என் வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால நின்னு என்னைக் கிண்டல் பண்ணிட்டு இருந்தாரு. ரெண்டு காலோட."

"எங்களுக்குப் புரியுது. ஆனா பலகை வந்தா கல்லு மறைஞ்சிடும், ஆணி அடிச்சா கீறல் விழும்..."

"ஆணியே அடிக்கல. சும்மா மேல வைக்கிறோம். அவரு செத்தப்புறம் நானே எடுத்துடறேன். போதுமா?"

ஏழு பேரில் ஒருவர்தான் அவள் நிறம். அவரும் குனிந்து காகிதத்தைப் புரட்டினார். அவரை மட்டும் வெர்லீன் கடைசிவரை மன்னிக்கவில்லை. கட்டட நிபுணரிடம் வரைபடம் வாங்கி வாருங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தலைவர் முடித்துவிட்டார்.

அந்த வாரம் செவ்வாயும் வியாழனும் தூக்க ஆள் கிடைக்காமல் டயாலிசிஸ் தவறிப்போயிற்று. சனிக்கிழமை காலை அல்ஃபான்ஸோவுக்கு மூச்சு வாங்கியது. மிச்சமிருந்த ஒற்றைக் கால் வீங்கிக் கிடந்தது. வேன் வந்து நின்றது. வெர்லீன் அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

"யோவ், உக்காந்துக்கிட்டே இறங்கு. நான் முன்னாடி இருந்து பிடிச்சுக்கறேன்."

"கைப்பிள்ளை மாதிரியா? தெருவே பாக்கும்டி."

"பாக்கறதுக்கு யாரு இருக்கா? நம்ம ஆளுங்கதான் ஒருத்தரும் மிச்சமில்லையே."

அவர் யோசித்தார். பிறகு நாற்காலியின் பிடியை விட்டு மேல்படியில் உட்கார்ந்தார். வெர்லீன் கீழே முட்டி போட்டு, அவர் காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். ஐம்பது வருஷம் தேய்த்துத் தேய்த்து நடுவில் குழிந்த கல், சோப்பு மாதிரி வழுக்கியது. இரண்டாம் படியில் அவர் கை நழுவியது. தன் தோளைக் கொடுத்துத் தாங்கினாள். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு கூட்டம் வந்து நின்றது. சனிக்கிழமைகளில் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், பன்னிரண்டு பேர் இருக்கும். வழிகாட்டிப் பெண் உற்சாகமாகச் சொன்னாள்: "பாருங்க, நமக்கு அதிர்ஷ்டம். முட்டி போட்டுப் படி தேய்க்கற இந்த வழக்கம் இன்னும் இருக்கு."

"யாருடி பேசறது?"

"பக்கத்து வீட்டு ரேடியோ."

வெர்லீன் கூட்டத்தைப் பார்த்து, வாயில் விரலை வைத்துக் கெஞ்சினாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் சந்தோஷமாகக் கையசைத்தான். இன்னொருத்தி கைபேசியை உயர்த்தினாள்.

"வெர்லீன், நிஜமாவே யாரும் இல்லையே?"

"யாரும் இல்லய்யா. இன்னும் மூணு படிதான். வா."