கண்ணாடிக்குள்ள கரைஞ்ச பச்சை

சொன்னா சிரிப்பீங்க, சிரிங்க, பரவால்ல. பேய், ஜின்னு எதையும் நான் நம்புனவன் இல்ல. யாராச்சும் தாயத்து கட்டிக்கினு வந்தா மொதல்ல கிண்டல் பண்றவனே நான்தான். பிள்ளையார்பாளையத்துல படத்துக்குக் கண்ணாடி போடுற கடை எனக்கு. முருகரு, லட்சுமி, மக்கா மதினா, செத்துப்போனவங்க போட்டோ எல்லாம் என் கை பட்டுதான் செவுத்துக்குப் போவும். செத்தவங்க மூஞ்சியைத் தொடைச்சித் தொடைச்சிப் பயம்லாம் எப்பவோ போயிடுச்சி.

எழுவத்தஞ்சோ எழுவத்தாறோ, ஐப்பசி மழை. மெட்ராஸ்லேர்ந்து வயசான அம்மா ஒருத்தங்க துணியில சுத்தி ஒரு படம் எடுத்துக்கினு வந்தாங்க. பிரிச்சதும் எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அந்தக் காலத்துல புள்ளைங்க இருக்கற வீட்டுல எல்லாம் கெடக்கும் அந்தப் புஸ்தகம், காணாமப்போன கன்னுக்குட்டியை ஒரு பொண்ணு மழையில தேடுற கதை. அதோட கடைசிப் படம். ஆத்தங்கரையில அந்தப் பொண்ணு முதுகைக் காட்டிக்கினு நிக்குது, கன்னுக்குட்டி தலைக்கு மேல வாழையிலையைப் புடிச்சிக்கினு.

"எங்க வீட்டுக்காரரு போட்டது பாய். அச்சடிச்சது ஊரு பூராக் கெடைக்கும், அவரும் போயிட்டாரு, அவரு கையால வரைஞ்சது இது ஒண்ணுதான். ஈரம் மட்டும் பட்டுடக் கூடாது."

"இந்தப் பொண்ணு யாரும்மா?"

"எங்க பொண்ணுதான். புஸ்தகம் வர்றதுக்கு முன்னாடியே ஆத்தோட போயிட்டா" அப்படின்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்னுட்டுப் போனாங்க.

கண்ணாடி போட்டு, பின்னாடி அட்டை வெச்சி ஆணியடிச்சி, சுத்திப் பேப்பர் ஒட்டி, மழைச்சாரல் படாத மூலையில வெச்சேன். என் பொண்ணு மும்தாஜுக்கு அப்போ நாலு வயசு. அந்தப் படத்துக்கு முன்னாடியே உக்காந்துக்கினு என்னமோ பேசிக்கினு இருந்தா. வியாழக்கிழமை மத்தியானம், மழை கொட்டுது, நான் சாப்டுட்டுத் திரும்பிப் பாக்கறேன், புள்ளைய காணோம்.

என் சம்சாரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஓடறோம். தறி போடற வீடு ஒண்ணு விடல, சாயக்கொட்டாய் விடல. யாருமே பாக்கலன்றாங்க. வேகவதி ஆத்துல தண்ணி வந்து எத்தினி வருசம் ஆச்சி, அன்னிக்கின்னு பாத்து ரெண்டு கரையும் தொட்டுக்கினு ஓடுது. திருப்பருத்திக்குன்றம் போற பக்கம் கரையோரமா ஓடறேன், ஒரு கல்லு மேல சம்மணம் போட்டு உக்காந்துக்கினு இருக்கறா. தண்ணி கல்லைத் தொட்டுக்கினு போவுது.

வாரித் தூக்கனேன். நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க, புள்ள தலையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. என் சட்டையை முறுக்கிப் புழியலாம், அவ பாவாடை காஞ்சி கெடக்குது.

"எப்படிம்மா நனையல?"

"அக்கா எலை புடிச்சிச்சி அத்தா. நீ வர்ற வரைக்கும் எறங்கக் கூடாதுன்னு சொல்லிச்சி."

புள்ளைய என் சம்சாரத்துகிட்ட விட்டுட்டுக் கடைக்கு வந்து படத்தைப் பாத்தேன். கண்ணாடி மேல ஈரம் இல்ல, பின்னாடி ஒட்டுன பேப்பர் ஒட்டுனபடியே இருக்குது. உள்ள அந்த எலை மட்டும் கரைஞ்சி, பச்சை அந்தப் பொண்ணு கையோரமா வழிஞ்சிருக்குது. கன்னுக்குட்டி மேல ஒண்ணும் படல. அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு ராத்திரி பூராத் தூக்கமில்ல. பாழாப்போனா திரும்ப வரைய ஆள் இல்லியே.

மறுநாளு அவங்க பஸ்ஸை விட்டு எறங்கி நேரா கடைக்குதான் வந்தாங்க. நடுவுல யாரையும் பாக்கல, நான் விசாரிச்சிட்டேன். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்க. கோவமே இல்ல. அந்தப் பச்சை வழிஞ்ச எடத்தைக் கண்ணாடி மேல வெரலால தடவிக் குடுத்தாங்க. அப்புறம் நிமுந்து, "ரொம்பப் பயந்துட்டாளா பாய்?"ன்னாங்க, என் பொண்ணு பேரைச் சொல்லி. மும்தாஜுன்னு இல்ல. வீட்டுக்குள்ள நானும் என் சம்சாரமும் மட்டும் கூப்புடற பேரு அது, வெளியில யாருக்கும் தெரியாது.

படத்துக்கு முன்னாடி உக்காந்து பேசுனப்ப மும்தாஜேதான் அதைச் சொல்லியிருக்கணும். அன்னியிலேர்ந்து நாங்க அவளை அந்தப் பேரு சொல்லிக் கூப்புடறதில்ல.